வாசகர் கேட்டார், கிராணி சொல்கிறார்: குண்டு போட்டவர் பேரனும் கானில் படுத்தவர் பேரனும்

இரண்டு இதழ்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் என் பாட்டியின் சோற்றுப்பானை மூடியைப் பற்றி நான்கு வரி எழுதினேன். வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லப் போய் இடையில் வந்து விழுந்த நான்கு வரி. ஜப்பான்காரன் காலத்தில் சுங்கைப்பட்டாணியில் ஒரு தகரவேலைக்காரர் போர் விமானத்தின் தகட்டை வெட்டி மூடியாக்கி விற்றார். விளிம்போரம் ஆணித் துளைகள் ஏழு. உலை கொதித்தால் ஏழிலும் ஆவி கிளம்பும். ஒரு துளை மட்டும் மெல்ல விசிலடிக்கும். அந்த விசில் கேட்ட பிறகுதான் பாட்டி அடுப்பிலிருந்து விறகை இழுப்பார். எழுதியது இவ்வளவே.

வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் நம் ஆட்கள் வீட்டுக்கு வீடு ஒரு விமானத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. குடும்பச் சங்கதி என்பதால் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன். நான் வரலாற்றாசிரியன் அல்லன். பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்து நான்கு வருடம் செக்ரோல், அதாவது ஆள்கணக்கு ஏடு, எழுதிய கிராணி. பெயர், நாள், வேலை, கூலி என்று கட்டம் போட்டே பழகிய கண். பதிலும் அந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கும்.

கூலிம் வாசகி: என் பாட்டிக்கு வயது 91. “நாலு எஞ்சின் வைத்த வெள்ளி ஆகாயக் கப்பல், மிக உயரத்தில் போகும்” என்கிறார். அது ஜப்பான் விமானம்தான் என்று மாமா சாதிக்கிறார். யார் சொல்வது சரி?

பாட்டி. மாமாவைக் கொஞ்ச நாள் பேசாமலிருக்கச் சொல்லுங்கள்.

1941 டிசம்பரில் நம் தலைக்கு மேல் வந்த ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் இரண்டு எஞ்சின் வைத்தவை. ஒன்பது ஒன்பதாக அணிவகுத்து, மூன்று அணி சேர்ந்து இருபத்தேழாக வருவதும் அவர்கள் வழக்கம். டிசம்பர் 11ஆம் தேதி பினாங்கு ஜார்ஜ் டவுனில் மக்கள் தெருவுக்கு வந்து அண்ணாந்து வேடிக்கை பார்த்தது இப்படிப்பட்ட அணிகளைத்தான். வேடிக்கை பார்த்த தெருவிலேயே குண்டு விழுந்தது.

நான்கு எஞ்சின்காரர்கள் வந்தது போரின் பின்பகுதியில், எதிர்த் திசையிலிருந்து. லிபரேட்டர் ஒன்று, பி-29 இன்னொன்று. லிபரேட்டருக்கு வாலில் இரண்டு நிமிர்ந்த தட்டுகள், காதைப் போல. பி-29க்கு ஒரே வால், ஆனால் பெரியது. பெயின்ட் அடிக்காத வெறும் அலுமினிய உடம்பு, வெயிலில் பளபளக்கும். வங்காளத்தில் காரக்பூரைச் சுற்றியிருந்த தளங்களிலிருந்து அமெரிக்கர்கள் அதை ஓட்டிவந்தார்கள். 1944 நவம்பர் 5ஆம் தேதி சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தின் கப்பல்துறையைத் தாக்கினார்கள். 1945 பிப்ரவரி 19, மார்ச் 10 ஆகிய இரு நாட்களிலும் கோலாலம்பூர் செந்தூலில் ரயில்வே பட்டறையின் மீது குண்டு போட்டார்கள். செந்தூல் பட்டறை யார் வேலை செய்த இடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மை மீட்க வந்த விமானம் நம் ஆட்கள் வேலை செய்த கூரையைத்தான் பிளந்தது. இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல்தான் பல வீடுகளில் தாத்தாக்கள் வாயை மூடிக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

ஒன்று கவனியுங்கள். “அது பி-29தானே பாட்டி?” என்று கேட்காதீர்கள். பேத்தி ஆசைப்பட்டுக் கேட்டால் எந்தப் பாட்டி இல்லையென்பார்? காகிதமும் பென்சிலும் கொடுத்து வாலை வரையச் சொல்லுங்கள். ஒற்றை வாலா, இரட்டை வாலா என்பது அந்தக் கிறுக்கலில் வந்துவிடும்.

கோல கெட்டில் வாசகர்: என் மகன் இங்கிலாந்தில் வேலை செய்கிறான். கூட வேலை பார்க்கும் வெள்ளைக்கார நண்பரின் தாத்தா லிபரேட்டர் விமானத்தில் வால் துப்பாக்கிக்காரர். 1945இல் வங்காளத்திலிருந்து பறந்து சயாம் (தாய்லாந்து) ரயில் பாலங்களில் குண்டு போட்டவராம். அந்த நண்பர் தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருகிறார். “உங்கள் குடும்பம் போரில் என்ன பார்த்தது?” என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்கிறார். என் தாத்தாவின் அண்ணனை ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடித்துப் போனான். காலராவில் சாகவில்லை, பாலத்துக்குப் பக்கத்தில் ஆகாயக் குண்டில் செத்தார் என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். விருந்துக்கு அழைத்துவிட்டு இதைச் சொல்வது முறையா, ஐயா?

சொல்லுங்கள். இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம், ஒரு முறை நான் சொல்லாமல் விட்டவன்.

1996ஆம் வருடம். ஐம்பத்தெட்டு வயதுள்ள ஓர் ஆங்கிலேய அம்மாள் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். “பழைய கதையெல்லாம் எங்கள் கிராணிக்குத்தான் தெரியும்” என்று மானேஜர் அவரை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவருடைய தந்தை 1941இல் பட்டர்வொர்த்தில் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானமொன்றில் வயர்லெஸ்காரர். அந்த விமானத்துக்கு மூன்றே பேர். போனது திரும்பவில்லை. அம்மாளுக்கு அப்போது மூன்று வயது.

என் மனைவி தேநீரும் முறுக்கும் வைத்தார். அம்மாள் முறுக்கைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு படத்தை எடுத்தார். அரைக்கால் சட்டை போட்ட மூன்று இளைஞர்கள், இறக்கையின் நிழலில். ஒருவனுடைய காலுறை நழுவிக் கணுக்காலில் கிடந்தது. “இது என் அப்பா” என்று அந்தக் காலுறைக்காரனைத்தான் காட்டினார். பிறகு மற்ற இருவரையும் தொட்டுத் தொட்டுச் சொன்னார்: இவருடைய மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார், இவருடைய தங்கை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அனுப்புகிறார் என்று. மூன்று வீடுகளும் ஐம்பத்தைந்து வருடமாக வாழ்த்து அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. நேரில் பார்த்துக்கொண்டது இரண்டு தடவைதான்.

நான் பாட்டியின் மூடியைக் கொண்டுவந்து கொடுத்தேன். சுண்டுவிரலை ஒவ்வொரு துளையிலும் வைத்து எடுத்தார். இது என் அப்பாவின் விமானத் தகடாக இருக்குமா என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. “உங்கள் வீட்டில் போரில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?” என்றுதான் கேட்டார்.

“ஒன்றும் ஆகவில்லை” என்றேன்.

பொய். பாட்டியின் தம்பியைப் பெரட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நின்றபோதே லாரியில் ஏற்றினார்கள். பத்தொன்பது வயது. சயாமிலிருந்து திரும்பவில்லை. விருந்தாளியின் மனம் நோகக்கூடாது என்ற உபசாரத்தில் அந்தப் பையனை நான் இல்லாமல் ஆக்கிவிட்டேன். அம்மாளின் கார் கித்தா (ரப்பர்) மரக்காட்டு வளைவில் மறைந்த பிறகு இன்னொன்றும் உறைத்தது. அந்த லாரியில் இருபது பேராவது ஏறியிருப்பார்கள். மூன்று பேர் போன விமானத்துக்கு அந்த அம்மாளுக்கு மூன்று வீடும் தெரியும். இருபது பேர் போன லாரிக்கு ஒரு வீடுகூட எனக்குத் தெரியாது. அதே தோட்டத்தில் செக்ரோல் எழுதியவன் நான்.

ஆகவே மறைக்க வேண்டாம். முதல் நாளே இலையைப் போட்டு வைத்துக்கொண்டு சொல்லவும் வேண்டாம். இரண்டாம் நாள், பிள்ளைகள் தூங்கிய பிறகு சொல்லுங்கள்.

அதற்கு முன் அவரிடம் ஒன்று கேட்டு வாங்குங்கள். அவருடைய தாத்தாவின் ஸ்குவாட்ரனுக்கு, அதாவது விமானப் பிரிவுக்கு, ஒரு செக்ரோல் உண்டு. அவர்கள் அதை நடவடிக்கைப் பதிவேடு என்கிறார்கள். இங்கிலாந்தில் கியூ என்னுமிடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற வரிசையில் இருக்கிறது. எந்த விமானம், யார் யார் ஏறினார்கள், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், எங்கே குண்டு போட்டார்கள் என்று கட்டம் கட்டமாக எழுதியிருப்பார்கள். அதன் நகலை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குச் சொந்த ஊருக்கு வந்ததுபோல் இருந்தது. வராத விமானத்துக்கு இறங்கிய நேரத்துக் கட்டம் காலியாக நிற்கும். காலிக் கட்டத்தைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போன கண்ணுக்கே அது பொறுக்கவில்லை.

உங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றும் இருக்காது. ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில்பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் இரு முனையும் சேர்ந்தன. அதில் வேலை செய்த போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். இறந்தவர்கள் 12,000க்கு மேல். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, காஞ்சனபுரியில் கல் இருக்கிறது. தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள் எத்தனை பேர் என்பதற்கு ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். பெயர் எழுதி வைத்த ஏடு இல்லை. பாதை போட்டு முடிந்த பிறகும் பழுது பார்க்க ஆட்களை அங்கேயே வைத்திருந்தான் ஜப்பான்காரன். பர்மாவில் இருந்த அவனுடைய படைக்குச் சாமான் போவதைத் தடுக்கப் பாலங்களைத் தாக்க வேண்டியிருந்தது. பாலத்தை ஒட்டியே ஆட்களின் முகாம். 1944 நவம்பரில் காஞ்சனபுரி பக்கத்துத் தாமர்க்கான் பாலத்தைத் தாக்கியபோது பக்கத்திலிருந்த போர்க்கைதிகள் முகாமிலேயே குண்டு விழுந்து வெள்ளைக்காரக் கைதிகள் செத்தார்கள். குண்டுக்கு ஆள் அடையாளம் தெரியாது. உங்கள் பெரிய தாத்தாவைப் பற்றி வந்த செய்தியை நம்பாமலிருக்கக் காரணமில்லை.

இனி அவருடைய ஏட்டையும் உங்கள் வீட்டுக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அவர் கையில் தேதி இருக்கிறது. உங்களிடம் “தீபாவளி கழிந்து, ஆற்றில் தண்ணீர் வற்றிய பிறகு” என்பது போல ஏதாவது இருக்கும், அதுவும் தேதிதான். ஒத்துப்போகலாம். ஒத்துப்போகாவிட்டால், ஒத்துப்போகவில்லை என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அவருடைய தாத்தாவின் குண்டில்தான் உங்கள் பெரிய தாத்தா செத்தார் என்று ஒரு கதையை இரண்டு குடும்பமுமாகச் சேர்ந்து கட்டிவிடாதீர்கள். கேட்க உருக்கமாக இருக்கும், பத்திரிகைக்காரர்கள்கூட வருவார்கள். ஆனால் அந்த லிபரேட்டரில் இருந்த மற்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

அவருக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். வால் துப்பாக்கிக்காரர் என்றால் மற்ற ஆட்களை விட்டு விலகி, விமானத்தின் கடைசி முனையில், முகத்தைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்திருந்தவர். ஐரோப்பாவில் குண்டு போட்ட பிரிட்டிஷ் விமானப்படைக் கட்டளையகத்தில் பறந்தவர்கள் சுமார் 125,000 பேர். அவர்களில் 55,573 பேர் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பலர் வீட்டில் வாய் திறக்கவில்லை. அங்கேயும் பேரன்கள் தாத்தாவின் பெட்டியைத் திறந்து, சிவப்பு மையில் எழுதிய இரவுப் பறப்புகளை எண்ணித்தான் கதையைக் கண்டுபிடிக்கிறார்கள். உங்களிடம் கதை இருக்கிறது, பெட்டி இல்லை. அவரிடம் பெட்டி இருக்கிறது.

காஞ்சனபுரிக்குச் சேர்ந்தே போவதாக இருந்தால் பாலத்தை நன்றாகப் பாருங்கள். வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை. நடுவே நேர்க்கோடாக நிற்கும் இரண்டும் போருக்குப் பின் போட்டவை. அந்த இடத்தில்தான் குண்டு விழுந்தது.

சுங்கை சிப்புட் வாசகர்: “நம் பணத்தில்தான் வெள்ளைக்காரன் குண்டு விமானம் வாங்கினான்” என்று என் தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். புளுகுதானே?

முழுப் புளுகு இல்லை. பிரிட்டிஷ் விமானப்படையின் 214ஆம் ஸ்குவாட்ரனுக்குப் பெயரே கூட்டு மலாய் மாநிலங்கள் ஸ்குவாட்ரன். பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் கொடுத்த பணத்துக்கு மரியாதையாக வைத்த பெயர். 97ஆம் ஸ்குவாட்ரன் நீரிணைக் குடியேற்றங்களின் பெயரில் இருந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அதில் அடக்கம். எங்கள் கெடா எதிலும் சேராது, ஆகவே பீடோங்காரன் நான் இதில் பெருமைப்பட வழியில்லை. பேராக்காரர் நீங்கள் படலாம்.

1941க்கு முன் மலாயா அரசாங்கங்களின் பெட்டி எதனால் நிறைந்தது? ஈயமும் கித்தாவும். கித்தா எப்படி வந்தது என்பது உங்கள் தாத்தாவுக்குத் தெரியும். மரத்தில் கட்டிய மங்கில் சொட்டிய கித்தாப் பால் எங்கோ ஜெர்மனிக்கு மேல் இரவில் பறந்தது என்று சொன்னால் தப்பில்லை. ஆனால் கூலியில் நேராகப் பிடித்துக்கொண்டார்கள் என்று எழுதுவதானால் செக்ரோலைக் காட்டி எழுதுங்கள்.

214ஆம் ஸ்குவாட்ரனின் சின்னம் பக்கிக் குருவி. இருட்டோடு பெரட்டுக்குப் போகும்போது “டொக், டொக்” என்று பலகையில் தட்டுவதுபோல் கத்துமே, அந்த இனம். போரின் தொடக்கத்தில் அவர்கள் ஓட்டியது வெல்லிங்டன் விமானம். வெல்லிங்டன் பிரபுவின் அண்ணன் பெயரில்தான் நம் பட்டர்வொர்த் பக்கத்துக்கு வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குடும்பம் நம்மை எந்தப் பக்கத்திலிருந்தும் விடவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கே பிடித்த செய்தி. 99ஆம் ஸ்குவாட்ரனின் பெயர் மதராஸ் மாகாணம். ஆம், நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த அதே மதராஸ் மாகாணம். 1945இல் இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவிலிருந்து லிபரேட்டரில் மலாயாவுக்கு மேல் பறந்தவர்களில் அவர்களும் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒருவன் கானுக்குள், தோட்டத்துச் சாக்கடைக்குள், குப்புறப் படுத்திருக்க, மேலே மதராஸ் என்ற பெயரோடு ஒரு விமானம் போயிருக்கக்கூடும். உள்ளே ஒரு தமிழன்கூட இல்லாமல்.

அலோர் ஸ்டார் வாசகி: என் தாத்தா இங்கே ஆஸ்பத்திரியில் தோட்டி வேலை செய்தவர். 1941 டிசம்பரில் காயம்பட்ட விமானி ஒருவரைத் தூக்கி வந்ததாகவும், அந்த விமானியின் மனைவியே அங்கு நர்ஸாக இருந்ததாகவும் சொன்னார். சினிமாக் கதை மாதிரி இருப்பதால் வீட்டில் யாரும் நம்புவதில்லை.

கதையின் நம்ப முடியாத பாதிதான் உண்மை. அந்த விமானி ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப், 62ஆம் ஸ்குவாட்ரன். டிசம்பர் 9ஆம் தேதி பட்டர்வொர்த்திலிருந்து, சயாமின் தெற்கே ஜப்பான்காரன் இறங்கியிருந்த சிங்கோராவைத் தாக்க ஓர் அணியே கிளம்ப வேண்டியது. அவர் மேலே ஏறிய நேரத்தில் ஜப்பானிய விமானங்கள் வந்து தரையில் நின்றவற்றைச் செயலற்றதாக்கிவிட்டன. திரும்பி இறங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தனி விமானமாகப் போய்க் குண்டு போட்டுவிட்டுத் திரும்பினார். வழியில் சுடப்பட்டுக் கையும் முதுகும் சிதைந்தன. கூட இருந்தவர்கள் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, அலோர் ஸ்டாரில் இறக்கினார். அவர்கள் இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆஸ்பத்திரியில் அவருடைய மனைவி நர்ஸ். அவர் ரத்தம் கொடுத்தும் கணவர் பிழைக்கவில்லை. அந்த மாத அலங்கோலத்தில் பதிவுகள் சிதறிப்போனதால், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் 1946 ஜூனில்தான் அறிவிக்கப்பட்டது. தைப்பிங் போர்க் கல்லறையில் இருக்கிறார்.

இனி உங்கள் தாத்தா. அந்த வாரத்தில் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்த காயக்காரர் ஒருவர் மட்டும் அல்லர். தாத்தா இதை எப்போது முதலில் சொன்னார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். நர்ஸ் மனைவி சங்கதி பிற்காலத்தில் பல இடங்களில் அச்சாகிவிட்டது. அச்சாகும் முன்பே சொல்லியிருந்தால் அந்தக் கதைக்கு எடை கூடுகிறது. ஸ்ட்ரெச்சரின் எந்தப் பக்கம் பிடித்தார், எந்தக் கதவு வழியாகப் போனார்கள், தரையை யார் கழுவியது என்பது போல எந்த ஏட்டிலும் இல்லாத ஒன்றை அவர் சொல்லியிருக்கிறாரா? தோட்டி வேலை செய்தவருக்குத் தரை நினைவிருக்கும்.

ஒருமுறை தைப்பிங் போய்வாருங்கள். சாலையின் ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் இந்திய, கூர்க்கா வீரர்கள். மொத்தம் 850க்கு மேற்பட்ட கல்லறைகளில் பாதிக்கு மேல் பெயர் தெரியாதவர்கள்.

பாடாங் செராய் வாசகர்: எண்ணெய்ப்பனை மறுநடவுக்குத் தோண்டியபோது துருப்பிடித்த பெரிய இரும்பு உருளையும் பக்கத்தில் அலுமினியத் துண்டுகளும் கிடைத்தன. பழைய இரும்புக்காரர் நல்ல விலை சொல்கிறார். விற்கலாமா?

இதழ் அச்சாகும் வரை காத்திருக்காமல் உங்களுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன்; மற்றவர்களுக்காக இங்கே. தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், போலீசைக் கூப்பிடுங்கள். உள்ளே இருக்கும் மருந்துக்கு வயதாவதில்லை. பழைய பொருள் கிடைத்தால் மாவட்ட அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நாட்டில் சட்டமும் இருக்கிறது.

அலுமினியத் துண்டுக்குப் பக்கத்தில் ஆள் இருக்கலாம், அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1945 ஆகஸ்ட் 23ஆம் தேதி, ஜப்பான் சரணடைவதாக அறிவித்து எட்டாம் நாள், கேஎல்654 என்ற லிபரேட்டர் காட்டில் ஜப்பான்காரனுக்கு எதிராக ரகசியமாக இயங்கிய 136ஆம் படையினருக்குச் சாமான் போட வந்து நெகிரி செம்பிலான் மலைக்காட்டில் மோதியது. உள்ளே எட்டுப் பேர். போர் முடிந்துவிட்டது என்று அவர்கள் வீட்டில் விளக்கேற்றியிருப்பார்கள். எலும்புகளை எடுத்தது 2009இல். 2012 அக்டோபர் 18ஆம் தேதி கோலாலம்பூர் செராஸ் சாலைக் கல்லறையில் எட்டுப் பேரையும் அடக்கம் செய்தார்கள். பிரிட்டனிலிருந்து உறவினர்கள் வந்து நின்றார்கள். அந்தத் தகட்டை யாராவது முன்பே கிலோ கணக்கில் விற்றிருந்தால் வந்து நிற்க இடமேது?

என் பாட்டியின் மூடி மட்டும் என்னவாம் என்று கேட்பீர்கள். கேளுங்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. சுங்கைப்பட்டாணி விமானத்தளத்தில் 1941 டிசம்பர் 8ஆம் தேதி காலையிலேயே குண்டு விழுந்து, தரையில் நின்ற விமானங்கள் நொறுங்கின. தகடு அங்கிருந்து வந்ததென்று நம்பிக்கொண்டு சோறு சாப்பிட்டோம்.

பீடோர் வாசகி: பெரியம்மாவுக்கு 93 வயது. விமானம் வந்தால் கானுக்குள் படுத்த கதையைச் சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்யப் போனால் அழுதுவிடுகிறார், அல்லது “என்ன இருக்கிறது சொல்ல” என்று திரும்பிக்கொள்கிறார். எப்படிக் கேட்பது?

போனை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள் அம்மா. விமானத்தைப் பற்றியும் கேட்காதீர்கள். கானைப் பற்றிக் கேளுங்கள். கானில் தண்ணீர் இருந்ததா? பக்கத்தில் படுத்தது யார்? கையில் என்ன இருந்தது? என் பாட்டியிடம் பல வருடம் “பயமாக இருந்ததா” என்று கேட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு நாள் “பால் வாளியை எங்கே வைத்தாய்?” என்று கேட்டேன். “எங்கே வைப்பது? வயிற்றுக்குக் கீழே வைத்துக் கவிழ்ந்து படுத்தேன். கொட்டினால் தண்டல் எழுதிவிடுவான்” என்றார். குண்டை விட, வேலையை மேற்பார்க்கும் தண்டலுக்குப் பயந்திருக்கிறார். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் நிற்கவே இல்லை. வானத்திலிருந்து கடுதாசி விழுந்தது, பிள்ளைகள் பொறுக்கியது, பாரசூட் குடைத் துணியைக் கிழித்து யாரோ ஒரு பெண் பாவாடை தைத்துக் கட்டியது, அதைப் பார்த்துக் கங்காணி மனைவி வயிறெரிந்தது எல்லாம் வந்தது.

எழுதும்போது மூன்று கட்டம் போடுங்கள். அவர் கண்ணால் கண்டது ஒன்று. பிறர் சொல்லிக் கேட்டது ஒன்று. நீங்கள் ஊகித்தது ஒன்று. மூன்றாவது கட்டத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள், முதல் கட்டத்துக்குள் மட்டும் தள்ளிவிடாதீர்கள். கூட இருந்தவர்களின் பெயரைத் தவறாமல் வாங்குங்கள். கூப்பிடுகிற பெயர் மட்டும் நினைவிருந்தாலும் போதும். நம் லாரிக்கு வீடு தேட வேறு வழியில்லை. அழுதால் நிறுத்திவிட்டு வெற்றிலைப் பெட்டியை நகர்த்தி வையுங்கள்.

வெள்ளைக்கார விமானி யாருடைய பெயராவது வாயில் வந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடலாம், இலவசம். கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச்சுவரில் 24,000க்கு மேல் பொறித்திருக்கிறார்கள். விமானப்படையினரும் அதில் உண்டு.

கோல கெட்டில் வாசகர் (அவரேதான், இரண்டாவது கடிதம்): சொல்வதென்று முடிவு செய்துவிட்டேன், ஐயா. சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அந்தக் காலத்தைக் காட்ட மரவள்ளிக்கிழங்கு அவித்து வைக்கலாம் என்கிறாள் மனைவி.

உங்கள் வீட்டில் எண்பது தாண்டியவர் யாராவது இருந்தால் அந்தக் கிழங்கை அடுப்பில் ஏற்றும் முன் அவரைக் கேளுங்கள். என் பாட்டி 1945க்குப் பிறகு 1989இல் இறக்கும் வரை மரவள்ளியைத் தொடவில்லை. வேகிற வாடை வந்தாலே வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். தைப்பூசத்தன்று சைவம் போடுவீர்கள், அது போதும். மறுநாள் சோறும் கோழிக்கறியும் ஆக்குங்கள், காரம் பாதி. அவர் கிழங்கைப் பற்றிக் கேட்டால் சந்தையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அந்தப் பதிவேட்டு நகலை அவர் கொண்டுவந்தால் எனக்கும் ஒரு பிரதி எடுத்து அனுப்புங்கள். தபால் செலவு என்னுடையது.